கை நனைத்த பிறகு

(ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஒரு திருச்சபை மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஈஸ்டர் அன்று அதிகாலை நாலரை மணி ஆராதனைக்கு இந்த ஆலயத்தில் நிற்க இடமில்லை. அடுத்த ஞாயிறு பாதிப் பெஞ்சு காலி. இதைச் சொல்லிக் குறைபட நான் வரவில்லை. யோவான் எழுதின சுவிசேஷத்திலும் ஈஸ்டருக்கு அடுத்து ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. காலிக் கல்லறையைப் பார்த்தாயிற்று. பூட்டிய வீட்டுக்குள் ஆண்டவர் வந்து நின்றாயிற்று. எட்டு நாள் கழித்துத் தோமாவின் சந்தேகமும் தீர்ந்தாயிற்று. இனி இவர்கள் உலகத்தைக் கலக்கப் போகிறார்கள் என்று நாம் பக்கத்தைத் திருப்பினால், பேதுரு எழுந்து மீன் பிடிக்கப் போகிறேன் என்கிறான். இன்னும் ஆறு பேர் நாங்களும் வருகிறோம் என்று பின்னாலேயே போகிறார்கள். இருபத்தோராம் அதிகாரம் இப்படித்தான் தொடங்குகிறது. இன்று மாலை முழுவதும் அந்த ஒரு கரையிலேயே நிற்கலாம் என்று இருக்கிறேன்.

பேதுருவை நான் ‘அவன்’ என்றுதான் சொல்லப்போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. நம் பழைய வேதாகமம் பழக்கிவிட்ட உரிமை அது. நம் வீட்டுப் பிள்ளை தப்புச் செய்தால் ‘அவர் தப்புச் செய்தார்’ என்றா சொல்வோம்?

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். கலிலேயாக் கடல் என்று சொன்னாலும் அது நன்னீர் ஏரிதான். நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் அதிகம் போனால் 13 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே கிடக்கிறது. யோவான் அதைத் திபேரியாக் கடல் என்று எழுதுகிறார். ஏரோது அந்திப்பா கரையில் ஒரு நகரம் கட்டி, ரோமச் சக்கரவர்த்தி திபேரியுவின் பெயரை அதற்கு வைத்தான். அந்தப் பெயர் தண்ணீருக்கும் ஒட்டிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக வலை வீசினவர்களின் ஏரிக்கு, அதில் ஒரு நாளும் கால் நனைக்காத ஒருவரின் பெயர்.

1986-ல் மழை பொய்த்து ஏரி உள்வாங்கினபோது, கினோசார் என்ற ஊரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் சேற்றில் ஒரு பழைய படகின் விளிம்பைக் கண்டார்கள். அவர்களும் மீனவர்கள்தான். தோண்டி எடுத்துச் சோதித்ததில், இயேசுவின் காலத்தை ஒட்டிய படகு என்று தெரிந்தது. எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், இரண்டே கால் மீட்டர் அகலம். சுற்றுலா நடத்துகிறவர்கள் அதை ‘இயேசுவின் படகு’ என்று சொல்லி டிக்கெட் விற்கிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு வகை மரம் இருக்கிறது. கேதுருப் பலகை, கருவாலிச் சட்டம், அப்புறம் கையில் அகப்பட்ட துண்டுதுக்காணி எல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். புதுப் படகு வாங்க வக்கில்லாத ஒருவரின் படகு. அப்படி ஒன்றில்தான் ஏழு பேர் ராத்திரி முழுக்கக் கிடந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடியும்வரை ஒன்றும் அகப்படவில்லை. நம் கடற்கரையில் இதற்கு ஒரு சொல் உண்டு: பாடு இல்லை. மீன்பாடு இல்லாமல் கரைக்குத் திரும்புகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். அவன் வீட்டுக்காரிகூட முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இவர்களிடமோ கரையில் நிற்கிற யாரோ ஒருவர், சாப்பிட ஏதாவது இருக்கிறதா பிள்ளைகளே என்று கூப்பிட்டுக் கேட்கிறார். இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது. எரிச்சலில் வந்த பதிலாகத்தான் இருக்கவேண்டும்.

படகுக்கு வலப்பக்கம் போட்டுப் பாருங்கள் என்கிறார் அவர். இந்த இடத்தை ஒருமுறை மீனவ நண்பர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “கரையில மேட்டுல நிக்கிறவனுக்குத்தான் மீன் கூட்டம் தெரியும், சார். எங்களுக்கும் கைகாட்டிச் சொல்லுவாங்க. அது அதிசயமில்ல. ராத்திரி பூரா ஒண்ணும் கிடைக்காதவன், ஊர் பேர் தெரியாத ஒருத்தன் சொன்னதக் கேட்டு மறுபடி வலை போட்டான் பாருங்க, அதுதான் அதிசயம்.” நான் படித்த விளக்கவுரைகளில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

வலை கனக்கிறது. யோவானுக்குத்தான் முதலில் புரிகிறது. அவர் ஆண்டவர்தான் என்று அவன் சொன்ன உடனே பேதுரு ஒரு வேடிக்கையான காரியம் செய்கிறான். தண்ணீரில் குதிக்கிறவன் இருக்கிற சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிப்பான். இவன் கழற்றி வைத்திருந்த மேல்சட்டையை எடுத்து மாட்டிக் கட்டிக்கொண்டு குதிக்கிறான். அறிஞர்கள் ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். வீட்டு வாசலில் வாத்தியார் வந்து நிற்கிறார் என்றால் வெற்றுடம்போடு உட்கார்ந்திருக்கிறவன் கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவருகிறான் அல்லவா, அதுதான். பதற்றத்தில் பொத்தான்கூட மாறிப்போகும். கரை இருநூறு முழ தூரம், அதாவது சுமார் 90 மீட்டர். நனைந்து கனத்த சட்டையோடு அவன் முதலில் போய்ச் சேர்கிறான்.

சேர்ந்த இடத்தில் என்ன இருக்கிறது? கரிநெருப்பு.

இந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்கவேண்டும். மூலத்தில் இதற்கு ‘அந்த்ராகியா’ என்று ஒரு கிரேக்கச் சொல். புதிய ஏற்பாடு முழுவதிலும் அது இரண்டே இடத்தில்தான் வருகிறது, இரண்டும் யோவானில். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் கெட்டிக்காரர்கள், இரண்டு இடத்திலும் கரிநெருப்பு என்றே போட்டார்கள். இரண்டாவது இடம் இந்தக் கரை. முதலாவது இடம் எருசலேமில் பிரதான ஆசாரியனின் முற்றம். இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன குளிர் ராத்திரி. வேலைக்காரர்களும் சேவகர்களும் கரியைப் பற்றவைத்துச் சுற்றி நிற்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு கையை நீட்டிக் குளிர்காய்கிறான். அங்கேதான், அந்தக் கனலின் சூட்டில் நின்றுகொண்டுதான், அந்த மனுஷனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னான். வாசலில் ஒரு முறை, நெருப்பருகே இரண்டு முறை, ஆக மூன்று. அப்புறம் சேவல் கூவியது.

எங்கள் தெரு முனையில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். காலை ஏழு மணிக்கு அவர் பெட்டிக்குள் கரியைப் போட்டு, விசிறியால் வீசிக் கங்கு ஏற்றுவார். அந்த வாசம் வந்தால் எனக்குப் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வரும். வெள்ளைச் சட்டை, திங்கட்கிழமைப் பயம், வயிற்றைப் பிசைகிற கணக்குப் பாடம், எல்லாம் ஒன்றாக வரும். ஐம்பது வருஷம் ஆகியும் மூக்கு மறக்கவில்லை. பேதுருவின் மூக்குக்குச் சில வாரம்தான் ஆகியிருக்கிறது. ஈரச் சட்டையோடு மூச்சுவாங்க அவன் கரையேறும்போது முகத்தில் அடித்தது மீன் வாசம் மட்டும் இல்லை.

விறகு என்றால் உடனே பற்றும். கரி அப்படியல்ல. உட்கார்ந்து, ஊதி, பொறுத்திருந்து கனல் ஏற்றவேண்டும். அதனால், இவர்கள் வெறும் வலையை இழுத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அவர் கரையில் குந்தி ஊதிக்கொண்டிருந்தார் என்று ஆகிறது. உயிர்த்தெழுந்தவரைப் பற்றி நாம் எத்தனையோ படம் வரைந்திருக்கிறோம், வெள்ளை அங்கி, பின்னால் சூரியன், கையில் கொடி. புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மீனைத் திருப்பிப்போடுகிற படம் ஒன்றுகூட நம் காலண்டர்களில் நான் பார்த்ததில்லை.

மீன் ஏற்கெனவே கனலில் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார். எண்ணிப் பார்த்தால் 153 பெரிய மீன். இந்த எண்ணை வைத்து இரண்டாயிரம் வருஷமாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று காட்டி, பத்துக் கட்டளை, ஆவியின் ஏழு வரம் என்று விரித்தார் அகுஸ்தீன். அழகான கணக்குதான். எனக்கென்னவோ, பங்கு பிரிக்கவேண்டியிருந்தது, அதனால் எண்ணினார்கள் என்று படுகிறது. ஏழு பேருக்கு ஆளுக்கு 21 போனால் ஆறு மிச்சம். அதுவும் கரியில் போயிருக்கலாம்.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு இடையில் மனத்தாங்கல் என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்போம்? கலியாணத்துக்கு வருவார்கள். மொய் எழுதுவார்கள், அதுவும் நாலு பேர் காதில் விழும்படி ஊரும் பேரும் சொல்லி எழுதுவார்கள். பந்திக்குக் கூப்பிட்டால் மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். கை நனைக்கமாட்டார்கள். அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. திரும்பக் கை நனைத்தால் உறவு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். நமக்கு இந்த மொழி நன்றாகவே தெரியும். ஆகவே யோவான் இந்த அதிகாரத்தில் வைத்திருக்கும் வரிசையை வேறு யாரையும்விட நாம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளலாம். முதலில் வாருங்கள் சாப்பிடலாம் என்று கூப்பிடுகிறார். அவரே அப்பத்தை எடுத்துக் கொடுக்கிறார், மீனையும் கொடுக்கிறார். பேதுருவுக்கும் கொடுத்தார். அவன் ஒரு மன்னிப்பும் கேட்டிருக்கவில்லை. அவர் ஒரு விளக்கமும் கேட்டிருக்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி வருகிறது.

நம் சபைகளில் வரிசை வேறு. ஒருவன் தவறிவிட்டால் முதலில் விசாரணை, அப்புறம் அறிக்கை, அப்புறம் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துத் திருவிருந்து. அதற்கும் நியாயம் இருக்கிறது. அவனவன் தன்னைச் சோதித்தறிந்து பந்திக்கு வரவேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருப்பதை நான் மறக்கவில்லை. ஆயர் ஐயா என்னைப் பார்க்கிறார். ஐயா, சபைச் சட்டத்தை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்தக் கரையில் பந்திதான் முந்தினது என்று எழுதியிருக்கிறது. அதை நான் என்ன செய்ய?

இதுவரைக்கும் எல்லாருக்கும் பிடிக்கும். ‘போனது போகட்டும், சாப்பிடு’ என்பது நமக்கு ரொம்பப் பிடித்த சுவிசேஷம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அவர் கேட்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்கிறார்.

பேதுரு என்று அவரே வைத்த பெயரைச் சொல்லாமல், சீமோனே என்று அப்பா வைத்த பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். இவர்களைவிட அதிகமாக என்மேல் அன்பு வைத்திருக்கிறாயா என்பது முதல் கேள்வி. ‘இவர்களைவிட’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஊசி இருக்கிறது. எல்லாரும் ஓடிப்போனாலும் நான் ஓடமாட்டேன் என்று அந்தக் கடைசி ராத்திரி மார்தட்டினவன் இவன்தானே. அந்த மற்றவர்கள் ஆறு பேரும் இப்போது சுற்றி உட்கார்ந்து, பல்லில் மாட்டின முள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பேதுருவின் பதிலைக் கவனியுங்கள். நேசிக்கிறேன், உமக்கே தெரியும் என்று நிறுத்திக்கொள்கிறான். இவர்களைவிட என்ற ஒப்பீட்டைத் தொடவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் அளவான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே பிரசங்கிகள் எல்லாரும் ஒரு கிரேக்கப் பாடம் நடத்துவார்கள். அகபே உயர்ந்த அன்பு, பிலியா வெறும் நட்பு, அவர் உயர்ந்ததைக் கேட்டார், இவன் தாழ்ந்ததைக் கொடுத்தான், மூன்றாம் முறை அவரே இறங்கிவந்தார் என்று. நானும் இளமையில் இதை நடத்திக் கைதட்டல் வாங்கியவன்தான். நம் பழைய தமிழிலும் ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறேன்’ என்று இரண்டு சொல் இருக்கிறது. ஆனால் யோவான் இந்த இரண்டு சொல்லையும் வேறு இடங்களில் மாற்றி மாற்றித்தான் போடுகிறார். பிதா குமாரனில் வைத்த அன்பைச் சொல்லும்போதுகூட மூன்றாம் அதிகாரத்தில் ஒரு சொல், ஐந்தாம் அதிகாரத்தில் மற்றொரு சொல். அதனால் அந்தப் பாடத்தை நான் இப்போது நடத்துவதில்லை. கதையின் பாரம் சொல்லில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. மூன்றாவது தடவையும் கேட்டாரே என்றுதான் பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதுகிறார்.

அந்தத் துக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சேவல் கூவினபோது பேதுரு அழுதான் என்று நமக்கெல்லாம் தெரியும். மத்தேயு சொல்கிறார், மாற்கு சொல்கிறார், லூக்கா சொல்கிறார். யோவான் சொல்லவில்லை. போய் எடுத்துப் பாருங்கள், பதினெட்டாம் அதிகாரத்தில் சேவல் கூவுகிறது, அவ்வளவுதான். அழுகை கிடையாது. யோவான் அந்தக் கண்ணீரை எழுதாமல் பிடித்துவைத்து, மூன்று அதிகாரம் தள்ளி, இரண்டாவது கரிநெருப்பின் பக்கத்தில் கொண்டுவந்து இறக்குகிறார். முதல் நெருப்பருகே வராத வலி இங்கே வருகிறது. வயிறு நிறைந்த பிறகு வருகிறது. சோறு போட்டவர் கேட்கிறார் என்பதால் அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ளவும் முடிகிறது.

என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இன்று இல்லை, அதனால் சொல்லலாம்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தாத்தா வீட்டுக் கொல்லைப்புறம் தொடர்பாக ஒரு கையெழுத்துத் தகராறு. ஒன்பது வருஷம் பேச்சு இல்லை. என் அக்கா கலியாணத்தில் பெரியப்பா நூற்றொரு ரூபாய் மொய் எழுதிவிட்டுக் கை நனைக்காமல் போனார். பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த சமயம், ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். பெரியப்பா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மா ஒன்றும் பேசவில்லை. “வாங்க அத்தான்” என்று மட்டும் சொல்லி இலையை நறுக்கிப் போட்டாள். நாலு இட்லி, மிளகாய்ப்பொடிக்கு நடுவில் குழித்து நல்லெண்ணெய். பெரியப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அப்பா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதற்கப்புறம் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் சேர்ந்தே சாப்பிட்டோம்.

பெரியப்பாவை அடக்கம்பண்ணிவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, ஆட்டோவில் அப்பா என்னிடம் சொன்னார்: “ஏண்ணே அன்னிக்கு அந்தக் கையெழுத்தப் போட்டீங்கன்னு நான் ஒரு தடவகூடக் கேக்கலடா. கேட்டா மறுபடி போயிருவாரோன்னு பயம். அவரும் சொல்லல.” பன்னிரண்டு வருஷம் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அந்தக் கேள்வியும் அவர்களுக்கு நடுவில் ஒரு இலை போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் யோவான் இருபத்தொன்றை நான் வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினேன். கேட்டுவிட்டுச் சோறு போடுகிற வீடுகளும் உண்டு, சோறு போட்டுவிட்டுக் கேட்காமலே விட்டுவிடுகிற வீடுகளும் உண்டு. எங்கள் வீடு இரண்டாவது வகை. அந்தக் கரையில் நடந்தது இரண்டுமில்லை. அவர் கேட்டதிலும் ஒரு விதம் இருக்கிறது. ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவில்லை. அந்த ராத்திரியின் பெயரையே எடுக்கவில்லை. இந்த அதிகாரம் முழுவதிலும் மன்னிப்பு என்ற சொல்லே கிடையாது. என்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் பதிலுக்குப் பின்னால் வேலையைக் கொடுக்கிறார்: என் ஆடுகளைப் பார்த்துக்கொள். நம்பிக்கைத் துரோகம் செய்தவனிடம் நாம் சாவிக்கொத்தைத் திரும்பக் கொடுப்போமா? முகம் கொடுத்துப் பேசுவோம், சாப்பாடு போடுவோம், சாவியை மட்டும் இடுப்பிலேயே வைத்துக்கொள்வோம். அவர் சாவியைக் கொடுத்தார்.

கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையில் தப்கா என்ற இடத்தைத்தான் இந்தச் சம்பவம் நடந்த இடமாகக் காட்டுகிறார்கள். பிரான்சிஸ்கன் சபையார் 1933-ல் கட்டிய கறுப்புக் கல் சிற்றாலயம் ஒன்று தண்ணீரோரம் இருக்கிறது. உள்ளே ஒரு பாறை. அதன்மேல்தான் மீனும் அப்பமும் பரிமாறப்பட்டது என்பது அங்குள்ள நம்பிக்கை. நம் மொழியில் இந்தக் கதை அச்சேறியதும் ஒரு மீனவக் கரையில்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தபோது, அச்சுக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. ஈஸ்டர் கால ஞாயிறுகளில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் பத்தொன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். என்னைப் பின்பற்று என்று சொல்வதோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கிறது. அதற்கு அடுத்த வசனத்தில் நடப்பதுதான் எனக்குச் சிரிப்பையும் தைரியத்தையும் சேர்த்துத் தருகிறது. பேதுரு எழுந்து அவர் பின்னால் நடக்கிறான். பத்தடிகூடப் போயிருக்கமாட்டான். திரும்பிப் பார்க்கிறான், யோவானும் பின்னாலேயே வருகிறான். உடனே ஆண்டவரிடம், இவன் சங்கதி என்ன என்று கேட்கிறான். சற்றுமுன் ‘இவர்களைவிட’ என்ற சொல்லை நாசூக்காகத் தவிர்த்தவன், மறுபடியும் பக்கத்து இலையைப் பார்க்கிறான். அது உனக்கெதற்கு, நீ என் பின்னால் வா என்கிறார் அவர்.

அப்போது அவன் மேல்சட்டை இன்னும் காய்ந்திருக்காது.